ஜெனிக்கென்று தனி பாட்டில்

முன்பெல்லாம் முகத்துக்கு என்ன போடுகிறாய் என்று கேட்பார்கள். இப்போது கண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்பதால் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வருகிறது. லென்ஸ் போட்டதில் இன்ஃபெக்‌ஷன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். "பேசாம கண்ணாடியே போட்டிருக்கலாமே" என்று ஒரு புத்திமதி வரும். அதையும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

நான் ஏர்போர்ட்டில் செக்-இன் கவுன்டரில் வேலை பார்த்தேன். அங்கேயே வேலை பார்க்கிற ஸஹானாவோடு பொழிச்சலூரில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். டெர்மினல் ஏசியில் நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள், முகம் அப்பளம் மாதிரி காய்ந்துவிடும். சிரித்தால் கன்னம் இழுக்கும். சிரிக்காமலும் இருக்க முடியாது, சம்பளமே அதற்குத்தான் கொடுக்கிறார்கள். அப்போதுதான் எங்கள் அக்கா ஹில்டா முகத்தில் தடவ எனக்கு ஒரு சீரத்தைக் கொடுத்தாள்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. பெருங்களத்தூரில் அக்காவும் அவள் கணவர் மெர்வின் மாமாவும்தான் எனக்குத் தாய்வீடு. அக்கா கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஒரு மருந்து கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருந்தவள். கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம், சமையலறையையே லேப் ஆக்கிவிட்டாள். ஹயலுரானிக் ஆசிட் சீரம் செய்து விற்க ஆரம்பித்தாள்.

ஆசிட் என்றதும் "ஐயோ, முகத்துலயா" என்று அலறுவார்கள். பெயரில்தான் ஆசிட். வெள்ளைப் பொடி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் தோலிலேயே இருக்கிறது, கண்ணுக்குள்ளேகூட இருக்கிறது என்று அக்கா சொல்வாள். அந்தப் பொடியை அவசரப்பட்டுத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் வெந்நீரில் விழுந்த கேழ்வரகு மாவு மாதிரி கட்டி தட்டிவிடும். அக்கா டிஸ்டில்டு வாட்டர் மேல் சன்னமாகத் தூவி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவாள். காலையில் எடுத்தால் கண்ணாடி மாதிரி ஜெல். அதில் கெட்டுப்போகாமல் இருக்க பிரிசர்வேடிவ் சேர்த்து, கொதிக்க வைத்துக் காயவைத்த பாட்டில்களில் ரொப்ப வேண்டும். அவள் கலக்கும்போது தலையில் தொப்பி, கையில் உறை, வாயில் மாஸ்க். பக்கத்தில் நின்று யாரும் மூச்சுக்கூட விடக்கூடாது.

பொத்தேரி காலேஜ் ஹாஸ்டல் பெண்கள்தான் அவளுக்கு நிறைய கஸ்டமர். "கெமிக்கல் இல்லாம, நேச்சுரலா குடுங்க அக்கா" என்று போனில் கொஞ்சுவார்கள். அக்காவுக்குச் சுர்ரென்று ஏறும்.

"தண்ணியே கெமிக்கல்தாம்மா. தண்ணி சேர்ந்த எதுலயும் கிருமி வளரும், கண்ணுக்குத் தெரியாது. பிரிசர்வேடிவ் இல்லாம நான் குடுக்க மாட்டேன். வேணும்னா வாங்கு, இல்லன்னா வெள்ளரிக்காய வெட்டி மூஞ்சில ஒட்டிக்கோ."

அப்படிப்பட்டவள் எனக்கு மட்டும்தான் விட்டுக்கொடுத்தாள். பிரிசர்வேடிவ் பட்டால் என் கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்தது. வேறு ஒன்று மாற்றிப் பார்த்தாள், அதற்கும் வந்தது. கடைசியில் பிரிசர்வேடிவ் சேர்க்காமல் எனக்கென்று தனியாக ஒரு குட்டி பாட்டில் கொடுக்க ஆரம்பித்தாள். "ஃப்ரிட்ஜ்லயே வச்சுக்கோ. ஒரு வாரம் ஆனா மிச்சத்த சிங்க்ல ஊத்திடு. கஞ்சத்தனம் பண்ணின, செருப்பு பிஞ்சிடும்" என்றாள். நான் ஒரு தடவைகூட அந்தப் பேச்சைத் தாண்டியதில்லை. இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

பாட்டிலில் ரொப்புவது, லேபிள் ஒட்டுவது, கூரியரில் போடுவது எல்லாம் மெர்வின் மாமா வேலை. மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் ஆள் குறைத்தபோது வீட்டுக்கு வந்தவர். சாது. வாரம் தவறாமல் ஜெபக் கூட்டம் போவார், ஈ எறும்புக்குத் துரோகம் நினைக்க மாட்டார். நான் போனால் வாசலிலேயே ஆரம்பிப்பார்.

"என்ன கேப்டன், இன்னைக்கு எத்தன ஃப்ளைட் ஓட்டின?"

"நான் எங்க மாமா ஓட்டறது? பெட்டிய எடை போடறவ நான்."

"எடை போடாம ஃப்ளைட் ஏறுமா? அப்ப நீதான் கேப்டன்" என்பார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை என்ற குறையே அவரால்தான் இல்லாமல் இருந்தது.

அந்த வருடம் போகியன்று எனக்குக் காலை ஷிஃப்ட். வழக்கம்போல முகம் கழுவி, சீரம் தடவி, கண்ணுக்கு அடியிலும் தடவி, அது காய்ந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, லென்ஸ் போட்டுக்கொண்டு போனேன். வெளியே ஊரே புகை. பழைய பாய், டயர் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டிருந்தார்கள். ரன்வே தெரியாமல் ஃப்ளைட் எல்லாம் தாமதம். பயணிகள் கவுன்டரில் கத்துகிறார்கள், நான் சிரிக்கிறேன். வலது கண் உறுத்தியது. பக்கத்துக் கவுன்டரில் எல்லோருமே கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். புகை என்று நினைத்தேன். யார்தான் நினைக்கமாட்டார்கள்?

மதியத்துக்குள் லென்ஸைக் கழற்றி எறிந்துவிட்டேன். கண்ணுக்குள் கண்ணாடித் தூளைக் கொட்டித் தேய்த்த மாதிரி வலி. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. ஸஹானா என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு தாம்பரத்துக்குக் கிளம்பினாள்.

"இன்னாமா, போகிப் புகையா? கண்ணு ரத்தமா செவந்துகீது" என்றார் டிரைவர். "தாய்ப்பால் ரெண்டு சொட்டு வுட்டா சரியாப் பூடும்."

"நீங்க ரோட்ட பாத்து ஓட்டுங்கண்ணா" என்று ஸஹானா கத்தினாள்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கை வைத்துப் பார்த்தார். கருவிழியில் அரிசி அளவுக்கு வெள்ளையாகப் புண் இருந்ததாம். சுரண்டி எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். "லென்ஸ் போடறப்ப கருவிழியில சின்னக் கீறல் விழும். அது வழியா கிருமி உள்ள போயிருக்கு. சில கிருமி ஒரே நாள்ல கண்ணத் தின்னுடும். என்னென்ன உபயோகப்படுத்தறீங்களோ எல்லாத்தையும் கொண்டு வரச் சொல்லுங்க" என்றார்.

அக்காவும் மாமாவும் ரயிலில் வந்தார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டத்தில் பெருங்களத்தூர் ஜி.எஸ்.டி. ரோடு அசையாமல் நின்றதாம். அக்கா கையோடு அந்த வாரம் செய்த சீரத்தில் மிச்சத்தைக் கொண்டுவந்திருந்தாள். என் பாட்டிலை ஸஹானா எடுத்து வந்தாள்.

டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பைப் தண்ணி, டேங்க் தண்ணி ஏதாவது சேர்ந்துச்சா? சரியா சொன்னா எனக்கு மருந்து முடிவு பண்ண வசதியா இருக்கும்."

"சான்ஸே இல்ல மேடம்" என்றாள் அக்கா. "டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். சீல் பிரிச்ச கேனக்கூட நான் திரும்ப உபயோகிக்க மாட்டேன்."

"சார், நீங்களும் கூட செய்யறீங்களா? உங்களுக்குத் தெரிஞ்சு?"

"இல்ல மேடம். ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்ல" என்றார் மாமா.

அவர் பொய் சொல்லவில்லை. இதை நான் கோயிலில் எந்த மாதா சுரூபத்தின் முன்னாலும் சத்தியம் செய்து சொல்வேன். அவர் முகத்தில் கள்ளம் என்பதே இல்லை.

டாக்டரம்மா கடுமையான சொட்டு மருந்தாகவே ஆரம்பித்தார். மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து கண்ணில் சொட்டு விடுவார். ஒவ்வொரு சொட்டுக்கும் நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று கத்துவேன். அடுத்த நாள் வலி கொஞ்சம் அடங்கியது. புண்ணின் ஓரம் பரவாமல் நிற்கிறது, பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. அக்கா அங்கேயே தரையில் முழங்கால் போட்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மாமா பையிலிருந்து தீர்த்த பாட்டிலை எடுத்தார். பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி, கோயிலில் மந்திரித்த தண்ணீரை எங்களவர்கள் எல்லோருமே வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருப்போம். மாமா வீட்டுத் தீர்த்தம் கல்யாணத்துக்கு அடுத்த பாஸ்காவில் எடுத்தது. அது தீர்ந்ததே இல்லை. பாதிக்குக் கீழே இறங்கும் முன்பே சாதாரணத் தண்ணீரை அதில் ரொப்பிவிடுவார். மந்திரித்தது கொஞ்சம் இருந்தால் போதும், ஊற்றுகிற தண்ணீரும் தீர்த்தமாகிவிடும் என்பது கணக்கு. அவர் மட்டுமா, எங்கள் கோயில் பங்கில் பாதி வீட்டில் இதேதான் செய்கிறார்கள். பழைய தீர்த்தத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு வருடா வருடம் புதிதாக எடுங்கள் என்று சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறார். யார் கேட்டார்கள்?

"கேப்டன், கண் மூடிக்கோ" என்றார் மாமா. கண்களுக்குப் பாதுகாவலியான லூசியம்மாளை வேண்டிக்கொண்டார். பிறகு விரலை நனைத்து என் வலது இமையில் சிலுவை வரைந்தார். எரிந்துகொண்டிருந்த கண்ணுக்கு அது குளுகுளுவென்று இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் வைங்க மாமா" என்றேன்.

வைத்தார். இமை ஓரத்தில் வழிந்து உள்ளே போயிற்று. ஆமென் என்றேன்.

அதற்கு மறுநாளிலிருந்து புண் மறுபடி பரவியது. அதனால்தான் பரவியதா, எப்படியும் பரவியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டரம்மாவும் சொல்லவில்லை. கருவிழி இளகி, ஓட்டை விழுந்தது. யாரோ ஒரு புண்ணியவான் தானம் கொடுத்த கருவிழியை வைத்துத் தைத்தார்கள், அதையும் கிருமி தின்றது. இதற்கு மேல் வைத்திருந்தால் மூளை வரைக்கும் போகலாம் என்றார்கள். கண்ணை எடுத்துவிட்டார்கள். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன் பாருங்கள், எடுத்துவிட்டார்கள் என்று. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டபோது நான் என் அம்மாவைத் திட்டினேன், சாமியைத் திட்டினேன், பேனா கொடுத்த நர்ஸைக்கூடத் திட்டினேன். வலிக்கிற கண்ணாவது இருக்கட்டுமே என்று கெஞ்சினேன்.

லேப் முடிவும் இதற்கு நடுவிலேயே வந்திருந்தது. என் கண்ணிலிருந்து எடுத்ததும் என் பாட்டிலிலிருந்து எடுத்ததும் ஒரே கிருமி. தேங்கின தண்ணீரில் வளர்கிற ரகம்.

அதோடு அக்கா பாதிப் பைத்தியமாகிவிட்டாள். தராசு, பீக்கர், பொடி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டாள். கஸ்டமர் எல்லோரையும் கூப்பிட்டு, இருக்கிற பாட்டிலைக் கொட்டிவிடச் சொன்னாள். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. "ஏன்க்கா, சூப்பரா இருக்கே" என்றார்களாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து என்னைப் பெருங்களத்தூருக்கே அழைத்து வந்துவிட்டார்கள். ஏர்போர்ட்டில் என்னைக் கவுன்டரில் இருந்து எடுத்து, பின்பக்கம் தொலைந்த பெட்டிகள் செக்‌ஷனில் போடுவதாகச் சொன்னார்கள். பெரிய மனசு. கண் இருந்த இடத்தில் கட்டுப் போட்டிருந்தது. தட்டு எங்கே இருக்கிறது, கதவு எவ்வளவு தூரம் என்பதே பிடிபடவில்லை. டம்ளருக்கு வெளியே காபியை ஊற்றினேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பழகச் சில மாதம் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஒரு நாள் காலை மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அக்கா தோசையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"பாட்டில கொதிக்க வச்சேன். ட்ராப்பரையும் வச்சேன். ரப்பர் மூடி? அதையும் ஸ்பிரிட்ல துடைச்சேன். அப்ப எங்கடி தப்பு பண்ணேன்? நான்தான் உன் கண்ணத் தோண்டி எடுத்தேன். என் கையாலதான் எடுத்தேன்."

"சும்மா இருக்கியா?" என்று கத்தினேன். "தினம் இதே பாட்டு! போனது என் கண்ணு. நீ அழுதா நான் உனக்கு ஆறுதல் சொல்லணுமா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மாமா பதறிப்போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஹில்டா, இங்க பாரு. உன் மேல தப்பே இல்ல. இருக்க முடியாது. நான் இத்தன நாளும் சொன்னதில்ல, இப்ப சொல்றேன் கேளு. ஒவ்வொரு பாட்டில்லயும் ஒரு சொட்டு தீர்த்தம் விட்டுத்தான் நான் மூடி போட்டேன். நீ பிசினஸ் ஆரம்பிச்ச நாள்ல இருந்து. யாருக்காவது ஏதாவது ஆச்சா சொல்லு? ஜெனி பாட்டில்ல மட்டும் நாலஞ்சு சொட்டு சேர்த்தே விடுவேன், நம்ம புள்ளையாச்சேன்னு. அதனால கெட்டது உன் கையில இருந்து வந்திருக்கவே வந்திருக்காது. லென்ஸ்லதான் ஏதோ."

அவர் அக்காவைத் தேற்றத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இனி இவள் அழமாட்டாள் என்று.

அக்கா அழுகையை நிறுத்திவிட்டாள்.

"தீர்த்தமா?" என்றாள். "எந்தத் தீர்த்தம்? சுரூபத்துக்கிட்ட வச்சிருக்கியே, அதுவா?"

"அதேதான்."

"அதுல எங்க இருந்து தண்ணி ரொப்பற?"

"எங்க இருந்து ரொப்புவாங்க? பைப்லதான்."

பைப்பில் வருவது மாடி டேங்க் தண்ணீர். டேங்க்குக்கு வருவது லாரித் தண்ணீர். அதை ரொப்புவது எத்தனையோ வருடமாகக் காலியாகாத, ஒரு தடவைகூடக் கழுவாத பிளாஸ்டிக் பாட்டிலில். எனக்கு இதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக மண்டையில் விழுந்தது.

"எல்லார் பாட்டில்லயும் பிரிசர்வேடிவ் இருந்துச்சு மெர்வின்" என்றாள் அக்கா. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. "அது கிருமியக் கொன்னுடும். இவளோடதுல இல்ல. இவளோடதுல மட்டும்தான் இல்ல. டாக்டர் உன்னக் கேட்டாங்களே. தண்ணி சேர்த்தியான்னு உன்னத்தானே கேட்டாங்க."

"தண்ணி சேர்த்தியான்னுதானே கேட்டாங்க" என்றார் மாமா. "அது மந்திரிச்சது ஹில்டா. அத எப்படித் தண்ணின்னு..."

அவரே நிறுத்திக்கொண்டார். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். என் கண்ணில் போட்டிருந்த கட்டையே பார்த்தார். ஆஸ்பத்திரியில் என் இமையில் சிலுவை போட்ட விரலை அவர் இன்னொரு கையால் மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

"அங்கயும் வச்சேனே ஜெனி" என்றார். "கண் மேலயே வச்சேனே."

"வச்சீங்க. நான்தான் இன்னும் வைங்கன்னு கேட்டேன்" என்றேன்.

அவ்வளவுதான் என்னால் அமைதியாகச் சொல்ல முடிந்தது. அதற்குமேல் உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. அவர் நல்லவர் என்பதே எனக்குத் தாங்கவில்லை. ஒரு அயோக்கியன் செய்திருந்தால் போலீசுக்குப் போவேன், சாபம் விடுவேன், செத்தாலும் மூஞ்சியில் விழிக்கமாட்டேன். இவரை நான் என்ன செய்வது? எனக்குப் பிரியமாக நாலு சொட்டு சேர்த்து விட்டவரை என்ன செய்வது? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவரும் எழுந்தார். நான் எதற்கு எழுந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"அடி ஜெனி" என்றார். "நல்லா அடி."

"ஜெனி, வேணாம்டி" என்றாள் அக்கா. ஆனால் அவள் இடத்தைவிட்டு எழவில்லை.

மாமா கண்களை மூடிக்கொண்டு நின்றார். நான் கையை ஓங்கி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து அவர் கன்னத்தில் அறைந்தேன்.

படவில்லை. கை அவர் முகத்துக்கு முன்னால் வெறும் காற்றில் வீசிப் போனது. நான் தடுமாறி மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

காற்று பட்டதும் மாமா கண் திறந்தார். அடிக்காமல் விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பார் போல, பாவம், அவர் முகம் மலரப் பார்த்தது. அப்புறம் என் கையைப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு எட்டு முன்னால் வந்து, என் கைக்கு எட்டுகிற மாதிரி முகத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, மறுபடியும் கண்ணை மூடினார்.